விமலாவுக்கு வலிப்பு இல்லை

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது வலிதான். மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்செலும்பு குத்தியது. வலது தோளுக்குக் கீழே ஓரிடத்திலும் இடது விலாவில் ஓரிடத்திலும் தோல் சிவந்து எரிந்தது. சூடான இஸ்திரிப்பெட்டியை யாரோ வைத்து எடுத்ததுபோல் இருந்தது.

அது திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது நர்சுகளின் பேச்சிலிருந்து புரிந்தது. எப்படி அங்கே வந்தேன் என்று தெரியவில்லை. கேரள எல்லையோரம் குன்னத்துகால் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், மதிய அன்னதானத்துக்கு முன்னால், மகள் அனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது வரை நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இருட்டுகூட இல்லை.

என் கணவர் செல்வராஜ் பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்பவர். கட்டிலின் ஓரத்தில் வந்து நின்றார். சட்டையில் வாழைக்கறை.

"எனக்கு என்னாச்சு?"

"கோயில்ல விழுந்துட்ட. இப்பம் ஒண்ணும் இல்ல."

"ஆரு கொண்டுவந்தா?"

அவர் குளுக்கோஸ் குழாயைப் பார்த்தார். "எல்லாருமாட்டுத்தான்."

நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். பதிலை மறைக்கும் முகம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்கத் தெம்பில்லை.

உண்மையைச் சொன்னது ஒரு நர்சு. கட்டு மாற்றும்போது மலையாளத்தில் சாதாரணமாகக் கேட்டாள்: "வெளியே நிற்பவர் சேச்சியின் அண்ணனா? அவரிடம் அந்த மிஷின் இருந்ததால்தான் சேச்சி இன்று இருக்கிறீர்கள்." கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். நீண்ட வராந்தாவில், சுவரில் சாய்ந்து, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருவன் நின்றிருந்தான். நெற்றியில் முடி ஏறியிருந்தது. ஆனாலும் தெரிந்தது. சுகுமாரன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். "அவன அங்கேயிருந்து போவச் சொல்லுங்க."

"தங்கம், உனக்க உயிர..."

"போவச் சொல்லுங்க."

இதை வாசிக்கும் உங்களில் பலர் இதய நோயோடு இருப்பவர்கள், அல்லது அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள். உயிர் பிழைத்தவள் நன்றி சொல்லித் தொடங்குவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் அன்று நன்றி இருக்கவில்லை. கோபம்தான் முதலில் கண் விழித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு விமலா என்று ஒரு தங்கை இருந்தாள். நெய்யாற்றின்கரையில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். வேகமாக அடிப்பாள், அடிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தால் அன்று முழுவதும் சந்தோஷமாக இருப்பாள். சிறுவயதில் ஒன்றிரண்டு முறை மயங்கி விழுந்ததுண்டு. சாப்பிடாமல் ஓடியாடும் பிள்ளை என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அவளுக்குச் சுகுமாரனைப் பேசி முடித்தார்கள். வெள்ளறடையில் ரப்பர் தோட்டம் உள்ள குடும்பம். நிச்சயம் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. மோதிரம் மாற்றியதும் அவன் வீட்டுப் பையன்கள் மாலைப்படக்கம் (சரவெடி) கொளுத்தினார்கள். முதல் வெடியிலேயே விமலா சரிந்தாள். கைகால் இழுத்தது. வாயோரம் நுரை வந்தது. புதுப் புடவை நனைந்துபோயிற்று. கொஞ்ச நேரத்தில் தானே கண் திறந்து, எல்லாரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல் சிரித்தாள்.

சுகுமாரனின் அம்மா இலைக்கு முன்னாலிருந்து எழுந்துகொண்டார். மறுநாளே மோதிரம் திரும்பி வந்தது. அதோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். கல்யாணம் முறிவது உலகத்தில் இல்லாததல்ல. ஆனால் வெள்ளறடை ஜங்ஷனில், சவரக்கடையில், பஸ்ஸில், சுகுமாரன் தன் வாயால் சொன்னான்: "வலிப்புக்காரிய எனக்க தலையில கெட்டிவைக்கப் பாத்தாவ." சவரக்கடையில் அதைக் கேட்டவர் எங்கள் மாமா. பாதி முகம் மழித்தபடியே எழுந்து வந்துவிட்டார்.

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் அவளைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார், வலிப்பு என்றார், மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையில் அவள் எப்போதும் தூங்கி வழிந்தாள். ஈறு வீங்கிப் பற்களை மூடியது. சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கத் தொடங்கினாள். பிறகு சிரிப்பதையே விட்டாள். டைப்ரைட்டிங் போவதும் நின்றது. எந்த வரனும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

ஒரு மழைக்காலக் காலையில் தேங்காய் ஒன்று தகரக்கூரையில் விழுந்தது. கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே கிடந்தாள். நாங்கள் போய்ப் பார்க்கும்போது சோப்பு நுரை அவள் கையில் காய்ந்திருந்தது. வலிப்பு வந்து மூச்சடைத்துவிட்டது என்றார் அதே டாக்டர்.

அவளைக் குளிப்பாட்டும்போது நினைத்தேன்: சுகுமாரன் ஒருநாள் என் முன்னால் ஊர் பார்க்கத் தலை கவிழ்ந்து நிற்கவேண்டும். அதற்குள் அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டிருந்தான். பகை போக இடமில்லாமல் எனக்குள்ளேயே இருந்தது. வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்து வளர்ந்த பிறகும் அது வயதாகாமல் இருந்தது.

இனி, நான் விழுந்த கதை. இது பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கோயிலில் கதினா வெடித்தது (இரும்புக் குழாயில் மருந்து இடித்து வைக்கும் திருவிழா வெடி). நான் அனிதாவின் கையை விட்டுவிட்டு முகம் குப்புற விழுந்தேன். மூச்சு குறட்டைபோல் இரண்டு தடவை வந்து நின்றது. கூட்டத்தில் ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கச் சொன்னாராம். "தங்கச்சிக்க வியாதியாக்கும் இதுக்கும்" என்று இன்னொருவர் சொன்னது என் மகளின் காதில் விழுந்திருக்கிறது.

சுகுமாரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வளைகுடாவில் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் பாதுகாப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். அங்கே புதிய முதலுதவிக் கருவிகள் வாங்கியபோது, கழித்துப்போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். திருவிழாக் கமிட்டியில் முதலுதவி அவன் பொறுப்பு. ஜீப்பிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவரச் சொல்லிவிட்டு, என்னைப் புரட்டிப்போட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினான்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். தானாக இயங்கும் மின்னதிர்ச்சிக் கருவி அது. இதயம் சில சமயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பார்கள் (இதயத்தின் கீழறைகள் ரத்தத்தைத் தள்ளாமல் புழுக்கூட்டம்போல் நெளியும் நிலை). அந்த நடுக்கத்தை நிறுத்த ஒரு மின்னதிர்ச்சி வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர் செய்வதை, கொஞ்சம் பழகிய யாரும் செய்யும்படி இந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். திறந்தால் ஆங்கிலத்தில் பேசும். ஒட்டுத்தகடுகளை நெஞ்சில் எங்கே ஒட்டவேண்டும் என்று படம் காட்டும். இதயத்தின் ஓட்டத்தைத் தானே படித்து, அதிர்ச்சி தேவையென்றால் மட்டும் தயாராகும். தேவையில்லாதவருக்கு நாம் பொத்தானை அழுத்தினாலும் கொடுக்காது.

தகடு ஒட்ட நெஞ்சு வெறுமையாக இருக்கவேண்டும். கோயில் முற்றத்தில், அத்தனை பேர் நடுவில், சுகுமாரன் கத்தரிக்கோலால் என் ரவிக்கையை வெட்டினான். பெண்கள் இரண்டு பேர் நேரியதை (தோளில் போடும் துணி) அவிழ்த்து மறைப்பாகப் பிடித்தார்கள். "எல்லாரும் விலகுங்க, ஆரும் தொடாதீங்க" என்று கத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினான். என் உடம்பு மண்ணிலிருந்து ஒருமுறை எழும்பி விழுந்ததாம். பிறகும் நெஞ்சை அழுத்தினான். அவன் வியர்வை என் கழுத்தில் சொட்டியதை அனிதா பார்த்திருக்கிறாள். நான் முனகியபோது அவன் உட்கார்ந்துவிட்டானாம்.

மோதிர விரலைத் தவிர என் தங்கையைத் தொடாமலே தள்ளிவிட்டவன் என் நெஞ்சைத் திறந்து பார்த்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைத்தான் நினைத்தேன். என்னைச் சாகவிட்டிருக்கலாம் என்றல்ல. எனக்கு வாழ ஆசை உண்டு. வேறு யாராவது செய்திருக்கக்கூடாதா என்று.

இதய டாக்டர் நாகர்கோவில்காரி. என்னைவிடச் சிறியவள், நிதானமானவள். ஈசிஜி தாளை (இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் தாள்) என் மடியில் விரித்தாள்.

"இந்த இடைவெளியப் பாருங்க. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் திரும்ப மின்சாரம் ஏத்திக்கிடணும். உங்களுக்கு அதுக்கு ரொம்ப நேரம் எடுக்கு. அந்த நேரத்துல திடீர்னு ஒரு சத்தம், ஒரு பயம் வந்தா தாளம் தப்பிரும்." நோயின் பெயர் லாங் க்யூடி (துடிப்புகளுக்கு நடுவே இதயம் தயாராகும் நேரம் நீண்டுபோகும் பரம்பரைக் கோளாறு) என்றாள். பிறகு கேட்டாள்: "உங்க குடும்பத்துல சின்ன வயசுல ஆராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"தங்கச்சி. ஆனா அது வலிப்பு."

"எப்பல்லாம் வந்துது?"

படக்கம் என்றேன். தகரத்தில் விழுந்த தேங்காய் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் தேய்ந்தது. டாக்டர் பேனாவை மூடிவைத்தாள்.

"இதயம் நின்னு மூளைக்கு ரத்தம் போகாதப்பவும் கைகால் இழுக்கும், நுரை வரும். பாக்கதுக்கு வலிப்பு மாதிரியேதான் இருக்கும். அவங்களுக்கு ஒருதடவையாவது ஈசிஜி எடுத்தாங்களா?"

எடுக்கவில்லை.

"எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இதுக்கு மாத்திரை உண்டு. ரொம்பப் பழைய மாத்திரை."

இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது சத்தத்திலோ பயத்திலோ ஓட்டத்திலோ வலிப்பு வந்தால், ஒரு ஈசிஜி கேளுங்கள். அது தேவையில்லை என்று டாக்டர் சொன்னாலும் கேளுங்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்கவேண்டியவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடக்கத் தெம்பு வந்ததும் முதலில் போனது நெய்யாற்றின்கரைக்கு. அந்த டாக்டர் முதுமையிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஈசிஜி தாளை அவர் மேசையில் விரித்து, விமலாவின் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. கண்ணாடியை மாற்றிப்போட்டுத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஆருக்கும்மா தோணும்?"

"உங்களுக்குத் தோணியிருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அது எனக்குப் போதுமானதாக இல்லை.

அடுத்த சந்தர்ப்பம் தானாக வந்தது. எங்கள் ஊர் வாசகசாலையில் சுகுமாரனுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பொன்னாடை போர்த்த என்னையே அழைத்தார்கள். உயிர் பெற்றவள் கையால் போர்த்தினால் சிறப்பு என்றார் செயலாளர். வருகிறேன் என்றேன்.

செல்வராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நீ எதுக்காக்கும் போற?"

"பேச."

"வேண்டாம் தங்கம். உனக்கு உயிரத் தந்தவன்."

"எனக்கு உயிரத் தந்தான். அவளுக்க பேரக் கெடுத்தவனும் அவன்தான்."

கூட்டத்தில் முன்வரிசையில் சுகுமாரனின் அம்மா உட்கார்ந்திருந்தார். பொன்னாடையை என் கையில் கொடுத்தார்கள். நான் அதை மேசைமேல் வைத்துவிட்டு ஒலிபெருக்கியின் அருகே போனேன். இவர் என்னைக் காப்பாற்றினார் என்று சொன்னேன். எனக்கு வந்த நோய் என்ன என்று விளக்கினேன். அதே நோய்தான் என் தங்கைக்கும் இருந்தது என்றேன். அவளை வலிப்புக்காரி என்று சவரக்கடையில் சொன்னவர் யார் என்பதையும் சொன்னேன். தமிழில்தான் பேசினேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும், ஒருவரும் புரியவில்லை என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, மலையாளத்திலும் சொன்னேன்: விமலாவுக்கு வலிப்பு இல்லை.

சுகுமாரன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா நேரியதால் வாயை மூடிக்கொண்டார். பொன்னாடை மேசையிலேயே கிடந்தது.

எனக்கு இனித்தது. பழிவாங்கினால் வெறுமைதான் மிஞ்சும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த வாரம் அனிதாவைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனோம். ரத்த உறவினர் எல்லாரையும் சோதிக்கவேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாள். அனிதா ஈசிஜி எடுக்கும்போது கூச்சத்தில் சிரித்தாள். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது சில நேரம் கண் இருட்டும் என்று அப்போதுதான் சொன்னாள். டாக்டர் தாளைப் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். இடைவெளியைப் படிக்க அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அவளுக்கும் அதே மாத்திரை. மாத்திரை பெரும்பாலும் காக்கும் என்றாள் டாக்டர். பெரும்பாலும் என்ற சொல்லைப் பஸ்ஸில் வரும்போது நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். மாத்திரை தோற்றுப்போகும் நாளில் என்ன இருக்கிறது? பாறசாலை முதல் வெள்ளறடை வரை எனக்குத் தெரிந்து அந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அது இருந்த வீடு, நான் ஊர் பார்க்க அவமானப்படுத்தியவனின் வீடு.

"நான் போய்க் கேக்கட்டா?" என்றார் செல்வராஜ்.

"வேண்டாம்."

"பிள்ளைக்காக்கும் தங்கம்."

போவேன் என்று எனக்குத் தெரியும். எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. காலில் விழச் சொன்னால் விழுந்துவிட்டு, எழுந்த பிறகும் அவனை வெறுப்பேன் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவனே வந்தான். ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு, பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றான். அனிதாவைப் பற்றிச் சந்தையில் செல்வராஜ் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, இது இங்க இருக்கட்டும்."

"மன்னிப்பு கேக்க வந்தியா?"

"இல்ல. கேட்டா நீங்க தருவியளா?"

"தரமாட்டேன்."

"பின்ன எதுக்குக் கேக்கணும்." அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "நான் அப்படிச் சொன்னேன், உள்ளதாக்கும். சவரக்கடையில மட்டும் இல்ல, எல்லா எடத்துலயும் சொன்னேன். எனக்கு வெட்கமா இருந்துது. அவளப் பேசினா எனக்க வெட்கம் போவும்னு நெனச்சேன்."

"அவ செத்தது தெரிஞ்சப்பம்?"

"கடலுல இருந்தேன். அம்மை எழுதியிருந்தா. ஒருநாள் ஒருமாதிரி இருந்துது. பெறவு வேலைக்குப் போனேன்."

அவளுக்காகத்தான் இந்தக் கருவியைப் பழகினாயா என்று கேட்டேன். ஆமாம் என்று அவன் சொல்லவேண்டும் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அவன் முகத்தில் துப்பியிருப்பேன்.

"இல்ல. கூட வேல செஞ்ச ஒருத்தன் எனக்க முன்னால விழுந்து செத்தான். அதுக்குப் பெறவு எல்லாருக்கும் படிச்சுக் குடுத்தாவ. விமலாவ நான் நெனக்கவே இல்ல அக்கா. நீங்க அன்னைக்கு வாசகசாலையில சொல்லுதது வரைக்கும்."

பொய் சொல்லாதவனை வெறுப்பது கடினம் என்று நினைத்திருந்தேன். கடினமாக இல்லை.

அவனை உள்ளே வரச் சொன்னேன். தலையணையை நெஞ்சாக வைத்து அவன் காட்டினான். செல்வராஜ் பழகினார். நான் பழகினேன். அனிதாவும் பழகினாள், விழுவது நானாகவும் இருக்கலாம் அல்லவா. பெட்டி பேசும் ஆங்கில வாக்கியங்களுக்குத் தமிழில் அர்த்தம் எழுதி மூடியில் ஒட்டினேன். பிறகு அனிதாவும் படிக்கும் என் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகளுக்கும் காட்டினேன். உள்ளே இருந்த மின்கலத்தையும் ஒட்டுத்தகடுகளையும் அவ்வப்போது பார்க்கவேண்டும் என்று சுகுமாரன் சொன்னான். காலாவதியானால் ஒட்டாது. புதியவற்றை வளைகுடாவிலிருந்து நண்பர்கள் வழி வரவழைத்துத் தருவதாகச் சொன்னான்.

"மாசம் ஒருக்க நீயே வந்து பாரு" என்றேன்.

அவனுக்கு நாற்காலி போடும் இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். எதிர்ச் சுவரில் விமலாவின் படம் இருக்கிறது. டைப்ரைட்டிங் சேர்வதற்காக எடுத்த படம். பல் தெரியச் சிரித்திருப்பாள். அவன் பெட்டியைத் திறந்து பச்சை விளக்கைப் பார்த்து, தகடுகளின் உறையைத் தடவிப் பார்த்து, சாயா குடிக்கும் வரை அவள் எதிரே உட்கார்ந்திருக்கவேண்டும். நான் இதை அவனிடம் விளக்கியதில்லை. அவனுக்குத் தெரியும். ஒருமுறைகூட நாற்காலியைத் திருப்பிப்போடவில்லை. வராமலும் இருந்ததில்லை.

அனிதா நன்றாக இருக்கிறாள். மாத்திரை தவறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் மணிக்கு அருகில் இல்லாத வகுப்பறைக்கு அவளை மாற்றிவிட்டேன். எனக்கும் மீண்டும் மயக்கம் வரவில்லை.

ஆனால் உடம்பு பழைய உடம்பல்ல. முன்பு எனக்குள் இதயம் இருப்பதே தெரியாது. இப்போது கரும்பலகையில் எழுதும்போதும் அரிசி களையும்போதும் அது தெரிகிறது. ஒரு துடிப்பு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஓர் இடம் இருக்கிறது. மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் அதில் கால் வைத்துத்தான் நடக்கிறேன். அடுத்த ஆண்டு என்று யாராவது பேசினால், கேட்டுக்கொண்டே விரல்களை மணிக்கட்டில் வைத்துவிடுகிறேன்.

கோயில் முற்றத்தில் நான் இல்லாமல் போன அந்தச் சில நிமிடங்கள் என்னிடம் இல்லை. எத்தனை பேர் சொன்னாலும் அவை என் நினைவில் சேர்வதில்லை. அவற்றை முழுவதுமாக வைத்திருப்பவன் சுகுமாரன் ஒருவன்தான். என் முகம் எந்த நிறத்துக்குப் போனது, எப்போது திரும்பியது எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மாதமும் அவனிடம் கேட்கிறேன். அவனும் சொல்கிறான். கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.

என் ஆயுளில் ஒரு துண்டு என் பகைவனிடம் இருக்கிறது. விமலாவின் கடைசி நிமிடங்கள் யாரிடமும் இல்லை.